800 கிலோ டிராலியை நிறுத்த எத்தனை நியூட்டன்?

கேள்வி இதுதான். ஒரு பட்டறையில் தண்டவாளத்தின் மேல் ஓடும் மோட்டார் டிராலி. சரக்கோடு சேர்த்து 800 கிலோ, வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு ஸ்டாப்பர் வைக்க வேண்டும். "800-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 1200 வருகிறது, அப்படியானால் 1200 நியூட்டன் தாங்கும் ஸ்டாப்பர் போதுமா? கூட வேலை பார்ப்பவர் 800-ஐ 9.8-ஆல் பெருக்கி 7840 என்கிறார். எது சரி?"

இரண்டும் இல்லை. 7840 என்பது டிராலியின் எடை, அதாவது சக்கரங்கள் தண்டவாளத்தைக் கீழே அழுத்தும் விசை. டிராலி ஓடினாலும் சும்மா நின்றாலும் அந்த எண் மாறாது. அந்தக் கணக்கில் வேகம் எங்கேயும் வரவே இல்லை பாருங்கள். நிற்கிற வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் ஒரே விடை தருகிற கணக்கு, ஓடுகிற வண்டியை நிறுத்த உதவாது.

1200-ஐ அப்படித் தள்ளிவிட முடியாது. அது உந்தம். ஆனால் அதன் அலகு நியூட்டன் இல்லை, நியூட்டன்-விநாடி. 1200 நியூட்டன் விசையை முழுதாக ஒரு விநாடி எதிர்ப்பக்கம் கொடுத்தால் டிராலி நிற்கும் என்று பொருள். பத்தில் ஒரு விநாடியில் நிறுத்த வேண்டுமா, 12,000 நியூட்டன். நூறில் ஒரு விநாடியிலா, 1,20,000. ஆக நீங்கள் போட்டது பாதிக் கணக்கு. எவ்வளவு நேரத்தில், அல்லது எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப் போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் "எவ்வளவு விசை" என்று கேட்டால் விடையே கிடையாது. டிராலி தன்னோடு விசையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அது கொண்டு வருவது ஆற்றல். அதை எத்தனை மில்லிமீட்டருக்குள் வாங்கிக்கொள்கிறோம் என்பதை வைத்துத்தான் விசை பிறக்கிறது.

ஆற்றல் எவ்வளவு? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 400 × 1.5 × 1.5 = 900 ஜூல். இந்த 900-ஐ நிற்பதற்குள் டிராலி நகரும் தூரத்தால் வகுத்தால் சராசரி விசை வந்துவிடும்.

சராசரி விசை = நிறை × வேகம் × வேகம் ÷ (2 × நிற்கும் தூரம்)

தூரம் மீட்டரில், வேகம் விநாடிக்கு மீட்டரில் இருக்க வேண்டும். மணிக்குக் கிலோமீட்டரில் இருந்தால் முதலில் 3.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்த தவறான கணக்குகளில் பாதி அங்கேதான் சறுக்கியவை.

நேரத்தை வைத்தும் கணக்குப் போடலாம், விசை ஒரே சீராக இருந்தால் விடை ஒன்றுதான். ஆனால் மோதல் எத்தனை மில்லிவிநாடி நீடித்தது என்று உங்களால் கண்ணால் பார்க்க முடியாது. ஸ்டாப்பரின் முகப்பில் வைக்கும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்பதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். அதனால் பட்டறைக்குத் தூரக் கணக்குதான் கைகொடுக்கும்.

இதில் ஒரு பழைய சண்டை ஒளிந்திருக்கிறது. ஓடும் பொருளின் "வலு" வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததா என்று ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தின் பக்கம் நின்றவர்கள் வேகம் என்றார்கள், ஜெர்மன் அறிஞர் லைப்னிட்சின் பக்கம் நின்றவர்கள் வர்க்கம் என்றார்கள். 1722-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் ஸ்கிராவெசாண்டே என்ற பேராசிரியர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரு மடங்கானபோது குழியின் ஆழம் இரண்டு மடங்காகவில்லை, நான்கு மடங்கானது. பிரான்சில் எமிலி து ஷாத்லே என்ற அறிஞர் 1740-இல் எழுதிய நூலில் வர்க்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். உண்மையில் இரு தரப்பும் சரிதான்: எவ்வளவு நேரம் எதிர்த்தால் நிற்கும் என்று கேட்டால் விடை வேகத்தோடு போகும், எவ்வளவு தூரம் எதிர்த்தால் நிற்கும் என்று கேட்டால் வர்க்கத்தோடு போகும். உங்களுடைய 1200-உம் நான் போட்ட 900-உம் அந்த இரண்டு கட்சிகள்தாம்.

சரி, ஸ்டாப்பருக்கு வருவோம்.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்து பார்க்கலாம். தடித்த இரும்புத் தகடு, பின்னால் ஆங்கிள் முட்டு, நல்ல வெல்டிங். டிராலி வந்து மோதுகிறது. இரும்பும் இரும்பும் சேர்ந்து 2 மில்லிமீட்டர்தான் விட்டுக்கொடுக்கிறது என்று வைப்போம். 900-ஐ 0.002-ஆல் வகுத்தால் 4,50,000 நியூட்டன். ஏறக்குறைய 46 டன் எடை! நடக்கிற வேகத்தில் (மணிக்கு 5.4 கிலோமீட்டர்தான்) வருகிற டிராலிக்கு 46 டன்னா என்று சிரிப்பு வரும். சூத்திரம் சரிதான், நடப்பதும் அதுதான். ஆனால் 46 டன் அங்கே உண்மையில் தோன்றுவதில்லை. அதற்கு முன்பே ஏதோ ஒன்று தோற்றுப்போகும். வெல்டிங் விடும், போல்ட் இழுபடும், டிராலியின் சேஸிஸ் வளையும், அல்லது அச்சில் பேரிங் நொறுங்கும். தோற்றது வளைந்த தூரமே நிற்கும் தூரமாகிவிடும். நீங்கள் தூரம் கொடுக்காவிட்டால் டிராலி தானாகவே எடுத்துக்கொள்ளும், உங்கள் செலவில்.

என் முதல் வேலையில் இதைக் காசு கொடுத்துக் கற்றோம். அங்கேயும் இதே மாதிரி டிராலி, இதைவிடக் கொஞ்சம் கனம். ஸ்டாப்பர் வளைந்தது. 10 மில்லிமீட்டர் தகட்டை எடுத்துவிட்டு 16 போட்டோம். அப்புறம் அடித்தளம் அசைந்தது, கான்கிரீட்டை உடைத்துப் புதிதாக ஊற்றினோம். மூன்றாவது முறை ஸ்டாப்பர் மலைபோல நின்றது. டிராலியின் முன் சட்டம் விரிந்து சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது. ஃபிட்டர் அண்ணன் ஒருவர் எதுவும் பேசாமல் போய், கழித்துப் போட்டிருந்த லாரி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து ஸ்டாப்பருக்கு முன்னால் சங்கிலியில் கட்டினார். நான் இருந்தவரை மறுபடி எதுவும் உடையவில்லை. நாங்கள் மூன்று முறையும் வலுவைக் கூட்டினோம், அவர் தூரத்தைக் கூட்டினார்.

உங்களுக்கு டயர் வேண்டாம், முறையாக ஒரு ரப்பர் பஃபர் வாங்கிவிடலாம். 50 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது என்று வையுங்கள். 900 ÷ 0.05 = 18,000 நியூட்டன், அதாவது 1.8 டன் சொச்சம். 46 எங்கே, 1.8 எங்கே!

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுந்திருக்கிறார்கள். 18,000 என்பது சராசரி. ரப்பரோ ஸ்பிரிங்கோ ஒரே மாதிரி எதிர்ப்பதில்லை. தொட்டவுடன் ஒன்றுமில்லை, அமுங்க அமுங்க விசை ஏறும், கடைசி மில்லிமீட்டரில்தான் உச்சம். சீராக ஏறுகிற ஸ்பிரிங்கில் உச்சம் சராசரியைப்போல் சரியாக இரு மடங்கு, 36,000 நியூட்டன். ரப்பர் கடைசியில் இன்னும் இறுகும் என்பதால் இதைவிடவும் கூடலாம். ஸ்டாப்பரும் போல்ட்டும் தாங்க வேண்டியது இந்த உச்சத்தை. சராசரியை வைத்து போல்ட் வாங்கினால் அது ஒருநாள் உங்கள் காலை வாரிவிடும்.

சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்ட ஒருவர் உண்டு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப். 1954 டிசம்பர் 10 அன்று, நியூ மெக்சிகோவில் ஹோலோமன் தளத்தில், தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டி ஒன்றில் தன்னை வாரால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதுவும் ஒரு வகையில் டிராலிதான். வேகம் மணிக்கு ஏறக்குறைய 1017 கிலோமீட்டர் வரை போனது. பிறகு தண்டவாளத்துக்கு நடுவே தேக்கியிருந்த நீரில் வண்டியின் அடிப்பகுதி துழாவ, 1.4 விநாடியில் நின்றது. கணக்குப் போடுங்கள்: 1017-ஐ 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 282 மீட்டர் சொச்சம், அதை 1.4-ஆல் வகுத்தால் விநாடிக்கு விநாடி 202 மீட்டர் அளவில் வேகம் குறைந்திருக்கிறது. புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு சொச்சம். ஆனால் பதிவான உச்சம் 46.2 மடங்கு, அதாவது சராசரியைப்போல் இரண்டேகால் மடங்கு. 75 கிலோ ஆள் என்று வைத்துக்கொண்டால், அந்த உச்சத்தில் வார்ப்பட்டைகள் தாங்கியது மூன்றரை டன்னுக்குச் சற்றே குறைவு. கண்ணில் ரத்தம் கட்டிச் சிறிது நேரம் பார்வை தெரியவில்லை, பிறகு திரும்பியது. பிற்காலத்தில் கார்களில் சீட் பெல்ட் வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவர்களில் இவரும் ஒருவர். அவர் சொன்னால் யார் மறுப்பது?

உச்சத்தைக் குறைக்க வழி உண்டு. எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் வகைப் பஃபரில் சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கி வெளியேறும். துளைகளைச் சரியாக அமைத்திருந்தால் தொடக்கம் முதல் முடிவு வரை விசை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அதே 50 மில்லிமீட்டரில் 18,000-க்குக் கொஞ்சம் மேலே மட்டும் போகும், 36,000-த்துக்கு ஏறாது. ஸ்பிரிங்கைப்போல டிராலியைத் திருப்பியும் எறியாது. லிஃப்ட் குழியின் அடியில் எட்டிப் பார்த்திருந்தால் இரண்டையும் பார்த்திருப்பீர்கள்: மெதுவாகப் போகும் லிஃப்டுகளுக்கு ஸ்பிரிங், வேகமானவற்றுக்கு எண்ணெய்ப் பஃபர். விலை வித்தியாசம் நிறைய. உங்கள் 900 ஜூலுக்கு ரப்பரே போதும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் 50 அல்ல, 100 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியதாக வாங்குங்கள். உச்சம் 18,000-க்கு இறங்கிவிடும்.

(லிஃப்ட் என்றதும் ஒரு சின்னக் குறிப்பு. பொருள் மேலிருந்து கீழே வந்து மோதினால் அதன் எடையையும் கூட்ட வேண்டும், ஏனென்றால் பஃபர் அமுங்கும்போதும் புவி இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. 7840 அங்கே உபயோகப்படும். உங்கள் நண்பர் முழுக்கத் தப்பில்லை, இடம்தான் தப்பு.)

மோட்டார் விஷயம். மோதும் நேரத்தில் மோட்டார் அணைந்திருக்கும் என்று நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் அது தள்ளும் விசையும் பஃபரின் தலையில் விழும். நல்லவேளையாக அதற்கு உச்சவரம்பு உண்டு: இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கத் தொடங்கினால் அதற்கு மேல் தள்ள முடியாது. எடையில் பாதி மோட்டார் சக்கரங்களில் இருந்தால், உராய்வு எண் 0.2 என்றே வைத்தாலும், 800 நியூட்டனுக்குள்தான் வரும். 50 மில்லிமீட்டருக்கு அது 40 ஜூல். 900-க்கு முன்னால் சில்லறை. கூட்டிக்கொள்ளுங்கள், கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது போல்ட்டைப் பற்றி. பஃபர் தரையிலிருந்து 300 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், 36,000 நியூட்டன் ஸ்டாப்பரைத் தள்ளுவதோடு நிற்காது, பின்பக்கமாகக் கவிழ்க்கவும் பார்க்கும். 36,000 × 0.3 = 10,800 நியூட்டன்-மீட்டர் திருப்பம். அடித்தகட்டில் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் 200 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், டிராலிப் பக்கத்து வரிசையை மேலே பிடுங்கும் விசை தோராயமாக 54,000 நியூட்டன். இரண்டு போல்ட் பங்கிட்டால் ஆளுக்கு 27,000. நல்ல தரமான 16 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இது பெரிதில்லை. அதைப் பிடித்திருக்கும் கான்கிரீட் தாங்குமா? பழைய தளத்தில் துளை போட்டு அடித்த ஆங்கர் என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பஃபரைக் கீழே இறக்குங்கள், அடித்தகட்டை நீளமாக்குங்கள், பின்னால் ஒரு சாய்வு முட்டுக் கொடுங்கள். மூன்றும் செலவில்லாத வேலை.

இன்னொன்று, கேள்வியில் நீங்கள் சொல்லாதது. டிராலி மேல் என்ன இருக்கிறது, எதில் கட்டியிருக்கிறது?

50 மில்லிமீட்டரில் நிற்கும்போது டிராலியின் வேகம் குறையும் வீதம் விநாடிக்கு விநாடி 22.5 மீட்டர். புவியீர்ப்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், உச்சத்தில் நாலரை மடங்கு. டிராலியின் இரும்பு மேசையில் சும்மா வைத்த இரும்பு டையை (உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் கனமான அச்சு) உராய்வு பிடித்து நிறுத்துவது விநாடிக்கு விநாடி 2 மீட்டர் அளவுக்குத்தான். மீதிக்கு? டிராலி நின்றுவிடும், டை நிற்காது. அதே 1.5 மீட்டர் வேகத்தில் முன்னால் வழுக்கிக்கொண்டு போய் யார் காலிலாவது இறங்கும். பஃபர் கணக்கு அற்புதமாக இருக்கும், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். கட்டாத சரக்கு வழுக்காமல் இருக்க வேண்டுமென்றால் நிற்கும் தூரம் குறைந்தது 56 சென்டிமீட்டர் வேண்டும் (2.25-ஐ 4-ஆல் வகுத்தது). அவ்வளவு நீளத்துக்கு ரப்பர் விற்பதில்லை. அந்த வேலை பிரேக்கினுடையது.

கட்டட வேலையில் செங்கல் எறிந்து பிடிப்பவர்களை நின்று பார்த்திருக்கிறீர்களா? கீழே இருப்பவர் வீசும் செங்கல், முதல் மாடியில் நிற்பவரின் கைக்கு வரும்போது ஏறி முடித்து ஒரு கணம் அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். அங்கேதான் பிடிப்பார். வேகம் ஏறக்குறைய தீர்ந்த இடம் அது. பிடித்த பிறகும் கையை விறைப்பாக வைக்காமல் இடுப்புவரை கூடவே கொண்டு போவார். முதலில் வேகத்தைத் தீர்க்கிறார்கள், மிச்சத்துக்குத் தூரம் கொடுக்கிறார்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் வேகம் வர்க்கமாக வேலை செய்கிறது, தூரம் அப்படியில்லை.

உங்கள் டிராலியிலும் அதே வரிசை. கடைசி ஸ்டாப்பருக்கு முன்னால் ஒரு லிமிட் ஸ்விட்ச் வைத்து மோட்டாரை அணைத்துப் பிரேக் போடச் செய்யுங்கள். எவ்வளவு முன்னால்? தூசியும் எண்ணெயும் படிந்த தண்டவாளத்தில் உராய்வு எண் 0.15-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பாதி எடைதான் பிரேக் சக்கரங்களில் என்றால் வேகம் குறையும் வீதம் விநாடிக்கு விநாடி 0.75 மீட்டர் அளவுக்கு வரும், நிற்க 1.5 மீட்டர் பிடிக்கும். எண்ணெய் அதிகமானால் இன்னும் நீளும். 2 மீட்டருக்கு முன்னால் ஸ்விட்சை வையுங்கள். இந்த வீதத்தில் கட்டாத சரக்கும் அசையாது. பிரேக் பிடித்து, டிராலி விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்து பஃபரைத் தொட்டால், ஆற்றல் வெறும் 36 ஜூல். முழு வேகத்தில் 50 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் இப்போது 10 மில்லிமீட்டர்தான் அமுங்கும், சராசரி 3,600 நியூட்டன். முன்னே 18,000. வேகம் ஐந்தில் ஒன்று, ஆற்றல் இருபத்தைந்தில் ஒன்று, விசை ஐந்தில் ஒன்று.

அப்படியானால் ஸ்டாப்பரை இந்தக் குறைந்த விசைக்கே செய்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. 1895 அக்டோபர் 22 அன்று பாரிஸில் மோன்பர்னாஸ் முனைய நிலையத்துக்கு வந்த விரைவு ரயிலுக்கு ஏர் பிரேக் கைகொடுக்கவில்லை. தண்டவாளத்தின் கடைசியில் இருந்த தடுப்பு, ஊர்ந்து வரும் ரயிலைத் தொட்டு நிறுத்தத்தான் லாயக்கு. எஞ்சின் அதைத் தகர்த்து, சுமார் 30 மீட்டர் அகலக் கூடத்தைக் கடந்து, 60 சென்டிமீட்டர் தடிமனான சுவரை உடைத்து, கீழே தெருவில் மூக்கைக் குத்திக்கொண்டு தொங்கியது. அந்தப் புகைப்படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ரயிலில் வந்தவர்கள் பிழைத்தார்கள், தெருவில் இருந்த ஒரு பெண் இறந்தார். லிமிட் ஸ்விட்சும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும், அல்லது யாராவது அவசரத்துக்கு அதை ஒயர் போட்டுத் தாண்டிவிடுவார்கள். பிரேக்கை அன்றாடத்துக்கு வையுங்கள், ஸ்டாப்பரை முழு 900 ஜூலுக்குச் செய்யுங்கள்.

ஆகவே ஆர்டர் போடும்போது 100 மில்லிமீட்டர் அமுங்கும் பஃபர், 900-உடன் மோட்டாரின் பங்கும் சேர்த்து 1000 ஜூல் வாங்கக்கூடியது என்று கேளுங்கள். கடைக்காரர் "எத்தனை டன் தாங்கணும்" என்று கேட்பார். டன் சொல்லாதீர்கள், ஜூலையும் அமுங்கும் தூரத்தையும் சொல்லிவிட்டு, உச்ச விசை எவ்வளவு வரும் என்று அவரைக் கேளுங்கள். ஸ்டாப்பரையும் போல்ட்டையும் அந்த எண்ணுக்குச் செய்யுங்கள்.

பொருத்திய பிறகு ஒரு வேலை. சரக்கை ஏற்றி, நன்றாகக் கட்டி, ஆட்களை விலக்கிவிட்டு, மெதுவான வேகத்தில் ஒருமுறை மோதவிடுங்கள். அதற்கு முன், பஃபர் அமுங்கும்போது நசுங்குகிற மாதிரி ஸ்டாப்பர் தகட்டில் ஒரு கொழுக்கட்டை அளவு களிமண்ணை ஒட்டிவையுங்கள். மோதிய பிறகு களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தால், பஃபர் உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணையும் அப்போதைய வேகத்தையும் எழுதி அனுப்புங்கள். கேட்லாக்கில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, முழு வேகக் கணக்கை அதை வைத்துப் போடலாம்.